கூடையை இறக்கி வைத்துவிட்டு: இலங்கை மலையகத்தில் ஒரு தியான ஓய்வுக்குப் போவதற்கான முழுமையான வழிகாட்டி

அந்தியில் தேயிலைத் தோட்டத்து மடுவத்தில், அதாவது எடைக் கொட்டகையில், கொழுந்து நிறுத்து முடிந்ததும் அம்மா தலையில் மாட்டியிருந்த கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி வைப்பார். கயிறு அழுத்திய இடம் ஒரு கோடாகப் பதிந்திருக்கும். 'அப்பாடா' என்று ஒரு மூச்சு. அந்த மூச்சு முடியும் முன்னே விறகு, தண்ணீர், அடுப்பு, எங்கள் நால்வருடைய பசி என்று அடுத்த வேலை தொடங்கிவிடும். அம்மா சும்மா உட்கார்ந்திருந்ததாக என் சிறுவயது நினைவில் ஒரு காட்சிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்காருவார். அதுவும் பிரசங்கம் முடியும்வரை தூக்கத்தோடு போராடிக்கொண்டுதான்.

அந்த ஒரு மூச்சை ஒரு நாளாக, முடிந்தால் இரண்டு நாளாக நீட்டுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கத்தோலிக்கர் இதைத் தியானம் என்பார்கள். மற்றச் சபைகளில் ரிட்ரீட் என்ற சொல்லே புழங்குகிறது. பெயர் எதுவாக இருந்தாலும், அன்றாட வேலையை விட்டுக் கொஞ்ச நேரம் ஒதுங்கி, கடவுளுக்கு முன்னால் அமர்ந்திருப்பதுதான் விஷயம். சில வருடங்களாக எங்கள் சபைப் பெண்களோடு இப்படிப் போய் வருகிறேன். தோட்டத்தில் வேலை செய்பவர்கள், ஆசிரியைகள், கடை வைத்திருப்பவர்கள், கொழும்பில் வேலை பார்த்துவிட்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிறவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் அவர்களோடு இருந்து கற்றவை.

முதலில் ஒரு பயத்தைப் பற்றி

'நான் சோம்பேறியா?' என்ற பயம்தான் அது. ஓய்வு என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு உள்ளே ஏதோ சுருங்கும். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் பேர் (அன்றைய கூலி) விழாது, கிலோ குறைந்தால் அரைப் பேர் என்ற கணக்கிலேயே பல தலைமுறை வளர்ந்திருக்கிறோம். தோட்டத்தை விட்டு வெளியே வந்து மேசை வேலை பார்ப்பவர்களிடமும் அந்தக் கணக்கு போகவில்லை. என்னிடமும் இருக்கிறது.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூன்று நாள் வழி வனாந்தரத்துக்குப் போய்க் கடவுளை ஆராதிக்க விடும்படி மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் கேட்கிறார்கள். பார்வோன் அவர்களுக்குக் கொடுத்த பெயர் சோம்பேறிகள். அதோடு விடவில்லை. வைக்கோல் தருவதை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கை மட்டும் ஒன்றுகூடக் குறையக்கூடாது என்றான். ஒதுங்கிப் போய் ஜெபிக்க நேரம் கேட்டவர்களைச் சோம்பேறி என்று சொன்ன குரல் வேதத்தில் யாருடையது என்பதைக் கவனியுங்கள். கடவுளுடைய குரல் அல்ல அது.

உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணமும் இதையே தொடுகிறது. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள், அதனால் உன்னைப் போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறட்டும் என்கிறது. வசதி உள்ளவனுக்குக் கொடுத்த சலுகையாக அது எழுதப்படவில்லை. கூலிக்கு உழைத்தவனுக்கே முதலில் சொல்லப்பட்டது. அந்த வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீ ஓய்ந்திருக்கும்போது உன் வீட்டு வேலைக்காரி ஓடிக்கொண்டிருந்தால் அது ஓய்வுநாள் ஆகாது. இதை மனதில் வையுங்கள், மூன்றாம் படியில் திரும்ப வருவேன்.

1. எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

களைத்துவிட்டேன், தூங்க வேண்டும் என்பது முழுமையான காரணம். ஒரு முடிவு எடுக்க வேண்டும், ஒருவரை மன்னிக்க முடியவில்லை, ஜெபம் வரவில்லை என்பவையும் அப்படியே. ஒரே வரி போதும். எல்லாவற்றையும் இரண்டு நாளில் தீர்த்துவிடும் எண்ணத்தோடு போகாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும். பல வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லாமல், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் தனியாக மௌனத்துக்குப் போகும் நேரம் அது அல்ல. முதலில் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழைக்கலாம். எலியாவும் சாக வேண்டும் என்றுதான் சூரைச்செடியின் கீழ் படுத்தார். கடவுள் அவரைத் தனியே விடவில்லை, தட்டி எழுப்பிச் சாப்பாடு கொடுக்க ஒருவரை அனுப்பினார். துக்க வீடு கண்டு சில வாரமே ஆனவர்களும் துணையோடு போவது நல்லது.

2. நாள் பார்ப்பது

தோட்டத்தில் ஞாயிறு ஓய்வுநாள் என்று பெயர். உண்மையில் அன்றுதான் ஒரு வாரத்துத் துணி, டவுன் சாமான், ஆலயம், உறவினர் வீடு எல்லாம். நடைமுறையில் எனக்கு வசதியாக இருப்பது போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை. மாதம் தவறாமல் வரும், பாடசாலையும் அலுவலகமும் மூடியிருக்கும், சாராயக் கடை திறக்காததால் லயத்து வரிசை வீடுகளின் பக்கமும் கொஞ்சம் அமைதியாக இருக்கும். போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் இரண்டு இரவு கிடைத்துவிடும்.

பௌத்தர்களின் நாளில் நாம் தியானத்துக்குப் போவதா என்று ஒரு அக்கா கேட்டார். இந்த நாட்டில் 1966இலிருந்து சில ஆண்டுகள் ஞாயிறு விடுமுறையே எடுக்கப்பட்டு, போயாவை ஒட்டித்தான் வார விடுமுறை வந்தது. அந்தக் காலத்தில் நம் சபைகள் வேலை நாளாக இருந்த ஞாயிறுகளிலும் ஆராதனை நடத்தின. ஒதுங்கிப் போக எந்த நாள் கிடைத்தாலும் அது நல்ல நாள்தான்.

பருவத்தையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே நாட்களில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பெரும்பாலும் மழை குறைந்து காற்றோடு இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் போய்விடும். கனமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. உங்கள் பிரதேசத்துக்கோ போகும் இடத்துக்கோ எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் தள்ளிப் போடுங்கள். ஏப்ரலில் நுவரெலியா வேண்டாம், வசந்த காலக் கூட்டத்தில் அமைதி கிடைக்காது. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரை நடக்கும், அதனால் விடுமுறை நாட்களில் ஹட்டன் பஸ்களில் நிற்கவும் இடம் இருக்காது.

3. வீட்டை ஒழுங்கு செய்வது

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் பிழை செய்துதான் கற்றேன். முதன்முதலில் நான் இரண்டு நாள் தியானத்துக்குப் போனபோது பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வேறு எதுவும் யோசிக்கவில்லை. மனம் இலேசாகி, முகம் தெளிந்து திரும்பி வந்தேன். வீட்டில் அம்மா காய்ச்சலோடு படுத்திருந்தார். இரண்டு நாளும் என் வேலையையும் அவர் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறார். மழையில் நனைந்து விறகு எடுத்திருக்கிறார். 'நீ போய் வந்தது நல்லதுதானே மகள்' என்றார். அந்த வார்த்தையை இன்றும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் இளைப்பாறுதலுக்கு விலை கொடுத்தவர் அவர். உபாகமத்தின் அந்த வசனம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே போவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு தாளை எடுத்து, நீங்கள் வீட்டில் ஒரு நாளில் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டுவதிலிருந்து இரவு பாத்திரம் கவிழ்ப்பது வரை. எழுதி முடித்ததும் வீட்டாரே அதைப் பார்த்து வாயடைத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். பிறகு ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: செய்யாமல் விடக்கூடியது, முன்கூட்டியே முடித்துவிடக்கூடியது, இன்னொருவர் செய்தே ஆக வேண்டியது. துணி இரண்டு நாள் கிடக்கட்டும். சம்பலுக்குத் தேங்காய் துருவி வைக்கலாம், பருப்புக் கறிக்கு வெங்காயம் நறுக்கி வைக்கலாம். மிஞ்சுவதை ஒருவர் தலையிலேயே போடாமல் கணவர், மூத்த மகன், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா என்று பகிர்ந்து கொடுங்கள். மகன் சமைத்தால் ரொட்டி கருகும். கருகட்டும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உபவாச ஜெபம், முகாம், ஊழியம் என்று நீங்கள் போகும் நாட்களில் வீட்டில் யார் கூடுதலாகச் சுமக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மனைவி ஒருமுறையும் போகாமல் நீங்கள் நான்கு முறை போயிருந்தால், ஐந்தாவது முறை அவருடையது.

கூலியையும் கணக்குப் பாருங்கள். ஒரு நாள் பேர் போனால் வீட்டில் எது குறையும் என்று தெரிந்துகொண்டு போனால், அங்கே உட்கார்ந்து மனம் கணக்குப் போடாது. எங்கள் பெண்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு ஒரு சீட்டு மாதிரி வைத்திருக்கிறார்கள். யாருடைய முறை வருகிறதோ அவருக்குப் பஸ் காசும் இழந்த நாளின் கூலியும் அதிலிருந்து போகும். வேறு சபைகளும் இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

4. இடம்

நல்ல இடத்துக்கு மூன்று தகுதிகள் போதும்: பாதுகாப்பாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பாடு யாராவது தர வேண்டும், உங்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அழகான காட்சி நான்காவதுதான்.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டிய நெடுங்காலமாகவே ஜெபத்தின் ஊர். 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ நிறுவிய குருமடம் அங்கேதான் தொடங்கியது. 1845இல் இலங்கைக்கு வந்த சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமும் அங்கே இருக்கிறது. ஹப்புத்தளையில் அடிஷாம் பங்களாவைப் பலருக்கும் தெரியும். தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அந்தக் கல் மாளிகை இன்று புனித பெனடிக்ட் மடம். பக்கத்திலேயே தங்கமலைக் காடு. ஆனால் பார்வையாளர்கள் வரும் வார இறுதிகளில் அங்கே கூட்டமாக இருக்கும், மௌனம் தேடிப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எல்லா மடங்களும் வெளியாருக்குத் தங்க இடம் தருவதும் இல்லை. உங்கள் பங்குத்தந்தையோ போதகரோ முன்கூட்டியே பேசி, கடிதமும் கொடுத்தால் காரியம் இலகுவாகும். காணிக்கை எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கொடுக்க முடியாத நிலை என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.

மடம்தான் வேண்டும் என்றும் இல்லை. தோட்டத்து ஆலயத்தில் வார நாட்களில் யாரும் இருக்கமாட்டார்கள். சாவி வைத்திருப்பவரிடம் கேட்டால் ஒரு பகல் முழுவதும் உங்களுக்கே. வேறு டவுனில் தனியே இருக்கும் வயதான உறவினர் வீடும் நல்ல இடம், அவர் அதிகம் பேசாதவராக இருந்தால்.

வெளியில், மலையில் உட்கார ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. குளவிக் கூடு இருக்கும் மரத்தடி, பாறை இடுக்கு, நீண்ட நாள் கவாத்துச் செய்யாத பகுதி ஆகியவற்றின் பக்கம் போகாதீர்கள். குளவி கொட்டி நம் ஆட்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த மலையில் வேலை செய்கிறவரிடம் கேட்டுவிட்டு, எங்கே இருப்பேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்திக்கு முன் திரும்பிவிடுங்கள்.

5. பை

பெரிய எழுத்து வேதாகமம், ஒரு கொப்பி, பேனா. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். அதனால் கம்பளி, காதை மூடும் குல்லா, காலுறை கட்டாயம். டோர்ச், குடை, அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு. தினமும் குடிக்கும் மருந்தை இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்க ஒரு சின்ன மணிக்கூடு. வாசிக்க வேறு புத்தகம் வேண்டாம். நானும் ஆரம்பத்தில் நான்கு கொண்டு போவேன், படித்து முடிக்க வேண்டும் என்று அதுவே ஒரு வேலையாகிவிடும்.

6. போன்

வீட்டாருக்கு அந்த இடத்தின் இலக்கத்தைக் கொடுங்கள். அவசரமென்றால் அங்கே அழைக்கட்டும். உங்கள் போனை நிறுத்தி, பொறுப்பில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் கணவரோ மகளோ இருந்தால், அல்லது கைக்குழந்தையை விட்டு வந்திருந்தால், மாலையில் ஒரு நேரம் வைத்து 10 நிமிடம் பேசிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். அதில் குற்ற உணர்வு தேவையில்லை.

7. முதல் மாலை: தூங்குங்கள்

நான் கண்ட ஒரு தியானத்தில் காலை 6 மணிக்கு மணி அடித்தார்கள், இரவு 10 மணிவரை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள், பாட்டு, குழுக் கலந்துரையாடல். நல்ல செய்திகள்தான். திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் சாய்ந்து விழுந்தார்கள். அது ஒரு மாநாடு. மாநாட்டுக்கும் தேவை உண்டு, ஆனால் களைத்தவர்களை அங்கே அனுப்பாதீர்கள்.

1 இராஜாக்கள் 19ஐ வாசியுங்கள். எலியா ஓடி வந்து விழுந்ததும் கடவுள் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. தூங்கினார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். திரும்பவும் தூங்கினார். திரும்பவும் சாப்பாடு. 'நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்' என்று தூதன் சொன்னது அந்த இரண்டாம் சாப்பாட்டின்போதுதான். அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்பதற்கு முன் இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு, 40 நாள் நடை. நாம் தூக்கத்தைத் தவிர்த்துவிட்டுச் சத்தத்தைக் கேட்கப் பார்க்கிறோம்.

ஆகவே முதல் மாலை சாப்பிட்டு, ஒரு சங்கீதம் வாசித்து, 8 மணிக்கே படுத்துவிடுங்கள். உபவாசமும் முதல் முறை வேண்டாம். சீனி வருத்தமோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு எந்த முறையும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

தோட்டத்துப் பெண்களுக்குப் பழக்கத்தில் 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன், அப்போது அவருக்கு 60 கடந்திருந்தது. விடியும் முன்னே எழுந்து மண்டபத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டார். அங்கிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் ஒன்றும் சொல்லாமல் விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கோப்பை பிளேன்டியைக் கையில் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். விழிப்பு வந்தால் எழுந்து உட்காருங்கள், வேலை தேடாதீர்கள்.

8. முழு நாள்

காலையில் மனம் தெளிவாக இருக்கும்போது வாசிப்பு. நிறைய அல்ல, நான்கைந்து வசனம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியன் துறவி இதற்கு நான்கு படிகள் எழுதி வைத்தார்: வாசித்தல், சிந்தித்தல், ஜெபித்தல், அமர்ந்திருத்தல். லெக்சியோ டிவினா என்று இதைச் சொல்வார்கள். செய்து பார்த்தால் எளிது.

மாற்கு 6:30 முதல் 34 வரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். ஊழியத்துக்குப் போன சீஷர்கள் திரும்பி வருகிறார்கள். 'வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்' என்கிறார் இயேசு. சாப்பிடவும் அவர்களுக்குச் சமயமில்லாதிருந்தது என்று மாற்கு எழுதுகிறார். இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒரு சொல் உங்களைப் பிடித்து நிறுத்தும். அங்கேயே நில்லுங்கள், மேலே போக வேண்டாம். எங்களோடு வந்த ஒரு சகோதரி 'போஜனம்' என்ற சொல்லில் நின்றார். வரிசை வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டு, பகல் சாப்பாட்டை நின்றபடியே விழுங்குகிறவர் அவர். 'நாங்க சாப்பிட்டோமான்னு அவர் பார்த்திருக்காரு' என்று சொல்லி அழுதார். அன்று நான் வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவதாக, அந்தச் சொல்லை வைத்துக் கடவுளிடம் பேசுங்கள், வீட்டில் பேசும் தமிழிலேயே. கடைசியில் பேச்சையும் விட்டுவிட்டு அமர்ந்திருங்கள். மொத்தம் 40 நிமிடம் போதும்.

நான்காவது படிதான் கடினம். மௌனமாக உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் எல்லாம் வரும். சீட்டுக் காசு, அடகில் இருக்கும் சங்கிலி, மகளின் சாதாரண தரப் பரீட்சை, நாத்தனார் போன வருடம் சொன்ன ஒரு வார்த்தை. துரத்தப் போகாதீர்கள், துரத்தினால் அதுவே வேலையாகிவிடும். கொப்பியின் பின்பக்கத்தில் ஒரே சொல்லாக எழுதி வைத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். 'சங்கிலி.' 'பரீட்சை.' மாலையில் அந்தப் பக்கத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கடவுளிடம் கொடுக்கலாம். மனம் நிற்கவே இல்லையென்றால் கிழக்குத் திருச்சபையின் பழைய ஜெபம் ஒன்று கைகொடுக்கும். மூச்சு உள்ளே போகும்போது 'கர்த்தராகிய இயேசுவே', வெளியே வரும்போது 'என்மேல் இரங்கும்'. அவ்வளவுதான்.

கண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள். எதுவுமே வராவிட்டாலும் பயப்படாதீர்கள். சங்கீதம் 131இல் தாயின் மடியிலிருக்கும் பால்மறந்த குழந்தையைப் போல என் ஆத்துமா இருக்கிறது என்று வருகிறது. பால் குடிக்கும் குழந்தை பாலுக்காக மடிக்கு வரும். பால் மறந்த குழந்தை எதையும் கேட்காமல், அம்மா இருக்கிறாள் என்பதற்காகவே வந்து சாய்ந்திருக்கும். ஜெபத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்த பல மணி நேரத்தை இந்தச் சங்கீதத்தை வைத்தே நான் புரிந்துகொண்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தூக்கம். பிறகு நடை. உடற்பயிற்சியாக வேண்டாம், மெதுவாக. வாழ்நாள் முழுவதும் தேயிலை மலையில் நின்றவர்கள்கூட அதை வேலைத் தளமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். எந்தக் கொழுந்து எடுக்கலாம் என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் எதையும் எடுக்காமல் அதன் நடுவே நடந்து பாருங்கள். பனிமூட்டம் ஏறி வந்து எதிர் மலையை மூடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பக் காட்டுவதை நின்று பாருங்கள்.

வழிகாட்ட ஒருவர் இருந்தால் நாளுக்கு அரை மணி நேரம் அவரோடு பேசுங்கள். குழுவாகப் போனால் சாப்பாட்டு வேளையில் மட்டும் பேச்சு, மற்ற நேரம் மௌனம் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு படுக்குமுன் மூன்று கேள்விகள்: இன்று எங்கே நன்றி தோன்றியது? எங்கே மனம் இறுகியது? நாளைக்கு என்ன வேண்டும்? இரண்டிரண்டு வரி எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

9. திரும்பும் வழி

கடைசி நாள் பகலுக்குள் புறப்படுங்கள், இருட்டி வீடு சேரும்படி வைக்காதீர்கள். பஸ்ஸில் ஏறியதும் போனைத் திறக்க வேண்டாம், இறங்கும் இடம் வரும்வரை இருக்கட்டும். மாற்குவின் கதையில் சீஷர்களுக்குக் கிடைத்த ஓய்வே அந்தப் படகுப் பயணம் மட்டும்தான். கரை சேரும் முன்னே கூட்டம் வந்து காத்திருந்தது. உங்களுக்கும் வாசலிலேயே ஒரு பிரச்சினை காத்திருக்கலாம். போய் வந்த பலனெல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இயேசு அந்தக் கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்படவில்லை, மனதுருகினார்.

வந்த உடனே சாட்சி சொல்ல ஓடாதீர்கள். முதலில், உங்கள் வேலையைச் சுமந்தவர்களிடம் அவர்களுடைய இரண்டு நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். கொப்பியிலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அடுப்பு மூட்டுமுன் 10 நிமிடம் என்பது போல, செய்யக்கூடியதாக.

10. எங்கும் போக முடியாதவர்களுக்கு

படுக்கையில் மாமியார், கையில் குழந்தை, விடுமுறை தராத வேலை. இவர்கள்தான் நம்மில் அதிகம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கிப் பெற்ற அனுபவத்திலிருந்து எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற கைநூல் 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. முழுப் பயிற்சி 30 நாள் ஒதுங்கியிருப்பது. ஆனால் அதன் தொடக்கக் குறிப்புகளில் 19ஆவது, வேலையை விட்டு வர முடியாதவர்களுக்கானது. தினமும் ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே நீண்ட நாட்களில் அதைச் செய்யலாம் என்கிறார். ஒன்றரை மணி நம் வீடுகளில் நடக்காது. அரை மணி நடக்கும்.

உன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணு என்று இயேசு சொன்னார். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம், எந்தக் கதவைப் பூட்டுவது? எங்கள் பெண்கள் கண்டுபிடித்த அறைகளைச் சொல்கிறேன். ஒருவருக்கு, எல்லோரும் மலைக்கும் பாடசாலைக்கும் போனபின் வரும் முதல் அரை மணி. ஒருவருக்கு ஆலயத்தின் பின் படி. ஒருவர் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்காருவார். அப்போது பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசிப் பிள்ளைகூட விரலை வாயில் வைத்துக் காட்டும்.

விருப்பமில்லாமல் அடைபட்டுக் கிடப்பவர்களையும் நினைக்கிறேன். கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளார் கண்டியில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். அடைபட்ட இடத்திலேயே ஜெபித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். வைத்தியசாலைக் கட்டிலில் இருப்பவரும் 'கர்த்தராகிய இயேசுவே' என்று மூச்சோடு சொல்லலாம்.

சரி, இப்போது காலண்டரை எடுங்கள். அடுத்த மூன்று மாதத்துப் போயா தினங்களைப் பாருங்கள். இரண்டு நாட்களை வட்டமிடுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்கள் வேலையைச் சுமக்கப் போகிறவருக்கு. முந்தைய தேதியில் அவருடைய பெயரை எழுதுங்கள். அவர் போய் வரும்வரை அடுப்பு உங்களுடையது.